நிமிர்த்திய சுவர்

பழைய கட்டடங்களைப் படம் எடுப்பது என் பிழைப்பு. முதலில் கல்யாணங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பாக்களை வரிசையாக நிறுத்தி, கண்ணைத் திறங்க, கொஞ்சம் சிரிங்க என்று தொண்டை வறளக் கத்தி, ஒரு கட்டத்தில் மனிதர்களே வேண்டாம் என்று ஆகிவிட்டது. கட்டடங்கள் கண் சிமிட்டுவதில்லை. எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு "நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்" என்று சண்டைக்கு வருவதும் இல்லை. அப்படித்தான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். வீடு மூலக்குளத்தில். ஸ்கூட்டரில் ட்ரைபாடைக் கட்டிக்கொண்டு காலை ஆறரைக்கெல்லாம் ஊருக்குள் வந்துவிடுவேன்.

கடலை ஒட்டிய தெருக்களில் எனக்கு முன்னாலேயே ப்ரீ-வெட்டிங் ஜோடிகள் வந்து நிற்பார்கள். மஞ்சள் சுவருக்கு ஒரு ஜோடி என்று கணக்கு. அவர்கள் முத்தம் கொடுக்கிற மாதிரி பாவனை செய்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அதற்குப் பிறகு என் வேலை. மின்கம்பம் ஃப்ரேமுக்குள் வராத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். கேபிள் வயர் தொடங்கும் உயரத்துக்குக் கீழேயே படத்தை வெட்ட வேண்டும். ஏ.சி. பெட்டியை எதிர்வீட்டு மரக்கிளைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஓட்டல்காரர்களுக்கு இதுதான் தேவை. பழைய வீடுகளைப் பட்டியல் போட்டுக் கோப்பு தயாரிக்கிற ஆட்களுக்கும், சும்மா சொல்லக் கூடாது, இதுதான் தேவை.

இன்னொன்று, கோடு. நம் தெருக்கள் குறுகல். பின்னால் நகர்ந்து நின்று முழு வீட்டையும் எடுக்க இடம் கிடைக்காது. கேமராவை அண்ணாந்து பிடித்தால்தான் மாடி தெரியும். அப்படிப் பிடித்தால், படத்தில் சுவர்கள் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றை ஒன்று பார்க்கும். அது லென்ஸ் செய்கிற வேலை, சுவரின் தப்பில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒரு ஸ்லைடரை இழுத்தால் எல்லாம் நிமிர்ந்துவிடும். சாய்ந்த கோட்டோடு படம் கொடுப்பவரை எங்கள் தொழிலில் கற்றுக்குட்டி என்பார்கள். எனக்கு அந்த ஸ்லைடரை இழுப்பது சட்டைக்குப் பித்தான் போடுவது மாதிரி. கை தானாகச் செய்யும், மனசு வேறெங்கோ இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன், புரட்டாசியில், ஓர் அம்மா போன் செய்தார். யாரோ என் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும், ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தெரு ஒன்றில் தனியாக இருந்தார். வீடு அவருடைய அண்ணன் பேரில். அண்ணனை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பென்ஷனோடு பிரான்சிலேயே தங்கிவிட்டவர். தங்கைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. கணவர் போன பிறகு அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்.

"பக்கத்து செவுரு சந்துப் பக்கமா சாயுதும்மா," என்றார். "மழைக்கு முன்னாடி முட்டு குடுத்துப் பிரிச்சுக் கட்டணும்னு கொத்தனார் சொல்றாரு. அண்ணன் சரின்னு சொல்லாம நான் ஒரு செங்கல்ல கை வைக்க முடியாது. போன்ல போட்டோ புடிச்சு அனுப்புனேன். பாத்துட்டு, செவுரு சாயல, நீதான் போனை சாய்ச்சுப் புடிச்சிருக்கன்னு சொல்றாரு."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதம்மா. எனக்கு பயமா இருக்கு. இன்னொருவாட்டி சொன்னதுக்கு, போய்க் கண்ணைக் காட்டு, வயசாயிடுச்சு, எல்லாம் கோணலாத் தெரியுதுன்னு சொல்லிட்டாரு. தொழில் தெரிஞ்சவங்க யாராவது எடுத்துக் குடுத்தா நம்புவாரு. நீ நல்லா நேரா எடுப்பியாமே?"

"நேரா எடுப்பேங்க," என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அடுத்த நாள் காலை போனேன். மேகம் மூடி, நிழலே விழாத வெளிச்சம். கீழே மரத்தூண்களும் முற்றமுமாகத் தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னல்களோடு பிரெஞ்சு மாடி. எங்களூரில் இப்படி நிறைய உண்டு, ஆனால் இவ்வளவு கெடாமல் நான் பார்த்தது குறைவு. சுண்ணாம்புப் பூச்சில் ஐம்பது வருட மழை இறங்கிய கறை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பச்சையும் கறுப்புமாக வழிந்திருந்தது. வாசலிலேயே நின்று நாலு படம் எடுத்துவிட்டேன். அம்மா பொறுமையாக நின்றார்.

உள்ளே அழைத்துப்போனார். சந்துப் பக்க அறையில் கட்டில் போட்டிருந்த தடம் மட்டும் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துவந்து, குசினிக்கு, அதாவது சமையலறைக்கு எதிரே, போகவர இடைஞ்சலாகப் போட்டிருந்தார். அந்த அறையில் இரண்டு மாதமாகப் படுப்பதில்லை என்றார். முன்சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். தன் சுட்டுவிரலை அதற்குள் விட்டுக் காட்டினார். முதல் கணு வரை உள்ளே போனது.

"கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பாத்தாரு. மேலேர்ந்து நூலு விட்டா, நாலு வெரக்கட வெளிய தள்ளியிருக்குன்னாரு. நூலு இன்னும் அங்கியேதான் மேல கட்டிக் கெடக்கு, பாரு."

ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தால், மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓர் ஆணியில் நூலும் பித்தளைக் குண்டும் சுருட்டி மாட்டியிருந்தன. நான் பார்த்தேன். ஆமாங்க, ஆமாங்க என்று சொன்னேன். ஆனால் அப்போது என் கண் விரிசலின் ஓரத்தில் பூச்சு அடுக்கடுக்காக உரிந்திருந்த விதத்தில் இருந்தது. வெள்ளை, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே காவி. நெருக்கத்தில் போய் எடுத்தேன். படம் முழுக்க விரிசலும் நிறமும் மட்டும். அவர் விரலை அங்கேயே வைத்திருக்கச் சொல்லியிருந்தால் விரிசல் எவ்வளவு அகலம் என்று பிரான்சில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கையைக் கொஞ்சம் எடுத்துக்குங்கம்மா" என்றேன்.

அடுத்து சந்து. ஆள் ஒருவர் கையை விரித்து நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். இடப்பக்கம் அம்மாவின் சுவர். வலப்பக்கம் புதிதாக வந்த நாலு மாடி அடுக்ககம், கழிவுநீர்க் குழாயும் ஏ.சி. பெட்டிகளுமாக ஒரு சிமெண்டுச் சுவர். சந்தின் வாயில் குனிந்து உட்கார்ந்து, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தேன். நினைத்த மாதிரியே படத்தில் இரண்டு சுவர்களும் மேலே உள்பக்கமாகச் சாய்ந்தன. இடது சுவர் சற்று அதிகமாகவே சாய்ந்தது. லென்ஸின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். எதிரிலேயே சுவர் நிஜமாக நிற்கிறது, தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். தூக்கவில்லை, கேமராவின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இருந்திருந்தால் சுவரின் நடுவே வயிறு தள்ளியிருந்தது நிழலோடு தெரிந்திருக்கும். மேகம் போட்டதை நான் அதிர்ஷ்டம் என்று அவரிடமே சொன்னேன்.

"நேரா எடுத்தியாம்மா?" என்று கிளம்பும்போது மறுபடி கேட்டார். அன்றைக்கு மூன்றாவது முறையாக.

"நேராத்தாங்க வரும். கவலைப்படாதீங்க."

உடனே அனுப்பியிருக்க வேண்டும். ஓட்டல் வேலை ஒன்று நடுவில் வந்தது, பத்து நாள் போய்விட்டது. ஒரு மத்தியானம் ஓட்டல் படங்கள் நாற்பதோடு சேர்த்து அம்மாவின் வீட்டுப் படங்களையும் திறந்து, வரிசையாகச் சரிசெய்துகொண்டே வந்தேன். சந்துப் படம் வந்தது. இடது சுவரில் கண்ணை வைத்து, அது நெட்டுக்குத்தாக நிற்கும்வரை ஸ்லைடரை இழுத்தேன். வழக்கத்தைவிடக் கூட இழுக்க வேண்டியிருந்தது. அந்த இழுப்பில் வலப்பக்க அடுக்ககம் வெளிப்பக்கமாக மல்லாந்து விழுவது போல ஆகிவிட்டது. அப்போதாவது கை நின்றிருக்க வேண்டும். புது சிமெண்டுக் கட்டடம் ஏன் மல்லாக்க விழ வேண்டும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். எப்படியும் அசிங்கமான சுவர்தானே என்று அதை அப்படியே க்ராப் செய்து தூக்கிவிட்டேன். பழைய சுவரும் வளைவு ஜன்னலும் வானமும் மட்டும் மிஞ்சின. என் தொழிலில் அந்த வருடம் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று நினைத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

நாலைந்து நாள் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார். நான் காலாப்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை. ஸ்கூட்டரை ஓரம் கட்டி எடுத்தேன். பக்கத்தில் சென்னை பஸ்கள் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தன.

"அண்ணனுக்கு ரொம்பப் புடிச்சிருக்கும்மா. அங்க எல்லாருக்கும் காட்டுனாராம்."

"நல்லதாப்போச்சுங்க."

"செவுரு நேராத்தான நிக்குதுன்னு கேக்குறாரு. தை மாசம் வரேன், வந்து பாத்துக்கலாம்னுட்டாரு." பஸ் ஒன்று கடந்ததும் தொடர்ந்தார். "நானும் பாத்தேன். போட்டோல நேராத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் அப்படித் தெரியுது போல."

இதை இன்று எழுதும்போது என் காது எரிகிறது. அன்று எனக்கு எட்டே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. "அண்ணன் வந்து பாத்துடட்டுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் சுள்ளென்று வந்தது. அன்று மத்தியானம் அந்தச் சுவர் மூன்று தட்டாக முறிந்து சந்துக்குள் சரிந்தது. அறையின் மேல்தளத்து உத்திரங்களில் இரண்டு கீழே வந்தன. அம்மா சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்திருந்தாராம். அந்த அறையில்தான். என் படத்தைப் பார்த்த பிறகு கட்டிலைத் திரும்ப அங்கேயே இழுத்துப் போட்டிருக்கிறார். அக்கம்பக்கத்துக்காரர்கள் உத்திரத்தைத் தூக்கி அவரை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

எனக்கு விஷயம் மறுநாள் காலை ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இடிபாட்டின் படத்தைப் போட்டு, "இது நீங்க எடுத்த வீடுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே இரண்டு பேர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள்.

நேரே போனேன். தெருவிலிருந்து பார்த்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் இருந்தது. முன்சுவர் நின்றது, கதவு பூட்டியிருந்தது. சந்து மட்டும் இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் மண்ணுமாகக் கிடந்தது. வலப்பக்க அடுக்ககம் குழாயும் பெட்டியுமாக அப்படியே செங்குத்தாக நின்றது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து திருத்தாத மூலப் படத்தைத் திறந்தேன். அடுக்ககத்தின் விளிம்பு நேராக வரும் அளவுக்கு மட்டும் ஸ்லைடரை இழுத்தேன். கொஞ்சம் இழுத்தால் போதுமாக இருந்தது. அம்மாவின் சுவர் சந்துக்குள் கவிழ்ந்து நின்றது. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும் அளவுக்கு. கொத்தனார் சொன்ன நாலு விரற்கடையையும் அந்தப் படத்தில் எண்ணலாம். தூக்குக்குண்டின் நூலைத் தொங்கவிட்டு எடுத்திருந்தால் நானே நினைத்தாலும் ஏமாற்றியிருக்க முடியாது. நூலை நிமிர்த்த எந்த ஸ்லைடராலும் ஆகாது. அது ஆணியில் சுருண்டு தொங்கியதைப் பார்த்துவிட்டு, ஃப்ரேமின் மேல் விளிம்பில் உறுத்துகிறது என்று அதையும் வெட்டியிருந்தேன்.

அண்ணன் மார்கழியில் வந்து சேர்ந்தார். என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். உயரமான மனிதர், எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. எதற்கெடுத்தாலும் "மே நோன்" என்று தொடங்குவார்; அப்படி இல்லையே என்று பிரெஞ்சில் அர்த்தம். முற்றத்தில் நின்று, மேலே தார்ப்பாய் கட்டியிருந்த அறையைப் பார்த்தபடியே பேசினார்.

"பெரிய மழை, மதாம். நேரா நின்ன செவுரு. யாரு எதிர்பார்த்தா?"

"உங்க தங்கச்சி முன்னாடியே சொன்னாங்களே சார்."

"மே நோன், அவ எல்லாத்துக்கும் பயப்படுவா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்." பிறகு குரல் தழைந்தது. "உங்க படத்தை நான் எத்தினிவாட்டிப் பாத்திருப்பேன். எங்க வீட்டை அப்படி யாருமே எடுத்ததில்ல. பெரிசா ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுங்க. அங்க ஹால்ல மாட்டணும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கண் கலங்கி நிற்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிட அற்பமானது. இந்தச் சின்ன ஊரில் என் பேர் கெட்டுப்போகும் என்று பயந்தேன். "தரேன் சார்" என்று வந்துவிட்டேன். மூன்றாம் நாள் பிரிண்டும் கொடுத்தேன்.

கொடுத்த பிறகு தூக்கம் போயிற்று. ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பிறகு இரண்டு படங்களையும் சின்னதாக அச்செடுத்து ஓர் உறையில் போட்டுக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனேன். அங்கே அரசுக் குடியிருப்பில், உறவுக்காரப் பெண் ஒருத்தியின் வீட்டில் அம்மா இருந்தார். அந்தப் பெண் வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் தாழ் போடாமல் விட்டிருந்தார்கள். கட்டிலில், காலுக்குத் தகடு வைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"வாம்மா," என்றார். என்மேல் ஒரு கோபமும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "உக்காரு. இந்தா, இந்த செவுரு நேரா இருக்கா பாரு."

அவர் காட்டியது கட்டிலுக்கு எதிரே இருந்த சுவர். காலண்டர் மாட்டிய சாதாரணச் சுவர்.

"நேராத்தாங்க இருக்கு."

"எனக்கு சாஞ்சாப்ல தெரியுது. கேட்டா இவங்க திட்டுறாங்க. காலு ஒடயறதுக்கு முன்னாடியே கண்ணு டாக்டருகிட்டப் போனேன், கண்ணு நல்லாருக்குன்னுட்டாரு. நேரா நின்ன செவுரு மழையிலதான் விழுந்துச்சுன்னு அண்ணனும் சொல்லிட்டாரு. அப்ப மண்டையிலதான் ஏதோ ஆயிடுச்சு. உன் போட்டோவப் பாத்தன்னைக்கே எனக்குத் தோணுச்சு. நேரா இருக்குற செவுர சாயுதுன்னு ஊர் முழுக்க சொல்லிக்கினு திரிஞ்சேன் பாரு. வெக்கமா இருந்துச்சு. அதான் கட்டில எடுத்து பழைய எடத்துலயே போட்டேன்."

என்னால் உட்கார முடியவில்லை. உறையைப் பிரித்து இரண்டு படங்களையும் அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு இரண்டாவது படத்தில் அடுக்ககத்தின் விளிம்பில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். தன் சுவரின் விளிம்பிலும் அப்படியே இழுத்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"ரெண்டும் ஒரே படந்தாம்மா. அன்னைக்கு எடுத்தது. செவுரு சாஞ்சுதான் இருந்துச்சு. வீட்டுக்குப் போயி நாந்தான் நிமித்திட்டேன்."

"ஏம்மா?"

"எப்பவும் அப்படிப் பண்ணுவேங்க. யோசிக்காம பண்ணிட்டேன். பக்கத்துக் கட்டடத்த அசிங்கமா இருக்குன்னு வெட்டிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். மறுபடி மாட்டி மறுபடி பார்த்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அண்ணன்கிட்ட எதக் குடுத்த?"

"நிமித்துனதுங்க."

"இதையும் கொண்டுபோய்க் குடு. ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கச் சொல்லு."

"இன்னைக்கே குடுத்துடறேங்க."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலு ஒடஞ்சதுகூட பரவால்லம்மா," என்றார். "எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேனே."

மன்னிச்சுடுங்கம்மா என்றேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.